அடைக்காயமுது

இறைவன் திருமுன் படைக்கப்பெறும் பொருள்களுள் விலையால் மிக எளியது வெற்றிலை. மலரின் மணமும் கனியின் சுவையும் அதற்கில்லை. எனினும், அடைக்காயும் வெற்றிலையும் இல்லாத நிவேதனத்தை நம் முன்னோர் நிறைவுடையதாகக் கருதினாரல்லர். இவ்வெளிய இலை இத்துணை ஏற்றம் பெற்ற வரலாறு எண்ணி இன்புறத்தக்கது.

மிளகின் இனத்தைச் சேர்ந்தது வெற்றிலைக் கொடி. விதையால் அன்றித் தண்டினை நட்டே இதனைப் பயிர் செய்வர். அகத்தியின் நிழலில் அதன்மேற் படரவிட்டு, நாளும் ஈரங்காத்து வளர்க்கும் அத்தோட்டத்திற்குக் கொடிக்கால் என்பது பெயர். காவிரி பாயும் கும்பகோணமும், தாமிரபரணி பாயும் ஆத்தூரும் வெற்றிலையாற் புகழ்பெற்ற ஊர்கள்.

சிலப்பதிகாரத்தில், மதுரையில் மாதரியின் அடைக்கலத்தில் இருந்த கண்ணகி, தன் கையாற் சமைத்துக் கோவலனுக்கு அமுது படைத்தாள். உண்டு முடித்தவனுக்கு வெற்றிலையும் பாக்கும் அளித்தாள். அதன்பின் சிலம்பு விற்கச் சென்ற கோவலன் மீண்டிலன். செல்வமெல்லாம் இழந்த நிலையிலும் அவ்வம்மையின் இல்லறத்தில் தாம்பூல உபசாரம் குறைவுபடவில்லை என்பதை நினைக்குந்தோறும் நெஞ்சம் உருகும்.

நம்மாழ்வார் திருக்கோளூர்ப் பதிகத்தில், உண்ணும் சோற்றோடும் பருகும் நீரோடும் வெற்றிலையையும் சேர்த்து எண்ணி, அவை யாவும் தமக்குக் கண்ணனே என்று உருகினார். சோழர் காலக் கல்வெட்டுக்களோ, நிவேதனத்திற்குரிய அரிசி, நெய், கறி, தயிர் ஆகியவற்றோடு பாக்கையும் வெற்றிலையையும் அளவிட்டுக் கூறுகின்றன. பாக்கினை அடைக்காயமுது என்றும், வெற்றிலையை இலையமுது என்றும் வழங்கியமை அறியத்தக்கது. ஆண்டவனுக்கு அளித்ததனால் இலையும் அமுதாயிற்று!

அரசவையிலும் இதற்குப் பெருமதிப்பு இருந்தது. 1443-ஆம் ஆண்டில் விசயநகரம் வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், இரண்டாம் தேவராயர் தமக்குத் தாம்பூலமும் பணமும் கருப்பூரமும் அளித்துப் பெருமைப்படுத்தியதைக் குறித்துள்ளார். இன்றும் நம் இல்லங்களில் தாம்பூலம் மாற்றிய பின்னரே திருமணம் உறுதியாகின்றது. எழுத்தும் சாட்சியும் இன்றியே, தட்டில் வைத்த வெற்றிலை கொடுத்த வாக்கினைக் காக்கின்றது.

பொன்னும் நிலமும் வழங்கிய வேந்தரின் அறத்தைப் பொறித்த அதே கருங்கல்லில், அன்றாட வெற்றிலைக்கு வைத்த அறமும் பொறிக்கப்பெற்றது. ஆதலின் திருப்பணியில் சிறுகொடை என்பதொன்றில்லை. அன்போடு அளிக்கும் ஓரிலையும் இறைவன் திருமுன் அமுதேயாகும்.