கட்டியக்காரனின் கேள்வி: பேராக் தோட்டக் கூத்தில் பாத்திரம் உருவான விதம்

மலாயாத் தோட்டங்களில் மாரியம்மன் திருவிழாவை ஒட்டி விடிய விடிய நடந்த தெருக்கூத்து, இதுவரை பெரும்பாலும் சமய வழக்கம் என்றோ நாட்டார் கலை என்றோ மட்டுமே பேசப்பட்டு வந்திருக்கிறது. அதற்குள் நடந்த ஒரு நுட்பமான வேலை, அதாவது பகலில் பால் மரம் சீவிய ஓர் ஆளை இரவில் துரியோதனனாகவோ அர்ச்சுனனாகவோ ஆக்கும் வேலை, தனியே கவனிக்கத்தக்கது. மேசையைச் சுற்றி அமர்ந்து, பகடை உருட்டி, கற்பனை உலகமொன்றில் வீரனாகவும் மந்திரவாதியாகவும் பேசி விளையாடும் இக்கால வேடமேற்பு விளையாட்டின் முதற்படியும் பாத்திரத்தை உருவாக்குவதே என்பதால், மலாயாவின் பேராக் மாநிலத்துப் பழைய தோட்டங்களை அந்தக் கண்ணோடு திரும்பிப் பார்ப்பதில் பயனுண்டு.

பேராக்கில் ரப்பரின் கதை 1877இல் தொடங்குகிறது. பிரிட்டிஷ் ரெசிடெண்டாக வந்த ஹியூ லோ அவ்வாண்டில் கோலக் கங்சாரில் ரப்பர்க் கன்றுகளை நட்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறியபோது சுங்கை சிப்புட், பத்து காஜா, தாப்பா, பீடோர், தெலுக் இந்தான் வட்டாரங்களில் தோட்டங்கள் பரவின. அவற்றுக்கான கூலிகளை, தன் ஊரிலிருந்தும் தன் உறவிலிருந்தும் ஆள் திரட்டி வந்து அவர்களை வேலைத்தளத்தில் மேற்பார்க்கும் கங்காணி என்ற இடைத்தரகன் கொண்டுவந்தான். 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடை செய்யும்வரை இந்த முறை நீடித்தது. வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, செங்கல்பட்டு, சேலம், திருச்சி, தஞ்சை எனப் பல மாவட்டத்தவர் ஒரே லயத்தில், அதாவது வரிசையாக அமைந்த தொழிலாளர் குடியிருப்பில், அடுத்தடுத்த கதவுகளில் வாழ நேர்ந்தது. இருட்டு விலகும் முன்பே பெரட்டு எனப்படும் ஆள்கணக்கெடுப்புக்கு நின்று பெயர் கொடுத்து, உளியும் பால் பிடிக்கும் மங்கும் காண்டா வாளியுமாக மரங்களுக்குள் சென்றவர்களால் திருவிழாவுக்கு மட்டுமே முழு இரவு கண்விழிக்க முடிந்தது.

தெருக்கூத்து தாயகத்தில் வேரூன்றியிருந்த வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, செங்கல்பட்டுப் பகுதிகளில் அது திரௌபதி அம்மன் விழாவோடு பிணைந்தது. வாத்தியார் என்றழைக்கப்படும் ஆசிரியர் வழியாகவும், குடும்ப மரபு வழியாகவும் வேடங்கள் கைமாறின. தோட்டத்தில் அந்த மரபு முழுமையாகக் கப்பலேறி வரவில்லை. பாடத் தெரிந்தவன் ஒரு மாவட்டத்தான், மத்தளம் அடிக்கத் தெரிந்தவன் வேறொரு மாவட்டத்தான் என்ற நிலையில், கூத்து தெரிந்த ஒருவர் குரல், உயரம், நினைவாற்றல், துணிவு ஆகியவற்றை அளந்து பார்த்து வேடம் பிரித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று எனக் கொள்வதே பொருந்தும். ஊரில் பிறப்பால் வந்து சேர்ந்த பாத்திரத்தைக் கடல் கடந்த இடத்தில் ஆளைப் பார்த்துத்தான் அமைத்தெடுக்க முடிந்தது. தோட்டக் கூத்தின் வரலாற்றில் இதுவே முதன்மையான மாற்றம். இது கலையின் சீரழிவு என்று சிலர் வருந்தக்கூடும். எனினும், பிறந்த வீட்டைப் பார்த்து வேடம் கொடுப்பதைவிடத் தொண்டையைப் பார்த்து வேடம் கொடுப்பது கூத்துக்கு எந்தக் கேட்டையும் செய்திருக்க வாய்ப்பில்லை.

உருவாக்கத்தின் முதற்பகுதி உடல் சார்ந்தது. அரசர், பெருவீரர் ஆகிய முதன்மை வேடங்கள் கட்டை வேடம் எனப்படும். கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் வண்ணத்தாளும் பதித்த கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் அதன் அடையாளங்கள். அணியின் அளவே பாத்திரத்தின் தகுதியைச் சொல்லிவிடும். அரிதாரத்தின் நிறம் அதன் குணத்தைச் சொல்லும். பெண் வேடங்களையும் ஆண்களே கட்டினர். இவ்வளவும் கதை முன்பே முடிவு செய்துவிட்டவை. ஆடுபவனின் விருப்பத்துக்கு இங்கே இடமில்லை.

விருப்பத்துக்கு இடம் திறப்பது திரையின் முன்னால். இருவர் பிடித்த துணித்திரைக்குப் பின்னால் வேடக்காரன் பாடி நிற்க, கோமாளியும் அறிவிப்பாளனும் ஒருங்கே ஆன கட்டியக்காரன் வெளியே நின்று, வந்திருப்பது யார், எந்த நாடு, என்ன குலம், எதற்காக இந்தச் சபைக்கு வருகை என்று வினவுவான். பெயரையும் வம்சத்தையும் பெற்ற வரத்தையும் செய்த சபதத்தையும் வேடக்காரன் பாட்டாகவும் வசனமாகவும் விரித்துரைப்பான். பாட்டு மனப்பாடம், வசனமோ பெரும்பாலும் அந்த இரவில் பிறப்பது. கட்டியக்காரன் எதிர்பாராத கேள்வியைப் போட்டால், துரியோதனன் துரியோதனனாக இருந்தபடியே பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதிலில்தான் ஒருவன் கட்டிய துரியோதனன் இன்னொருவன் கட்டிய துரியோதனனிலிருந்து வேறுபட்டான். புராண காலத்தில் நின்றுகொண்டே நிகழ்காலத்தைக் கிண்டல் செய்யும் உரிமையும் கட்டியக்காரனுக்கு உண்டு என்பதால், எழுத்தரான கிராணியும் வெள்ளைக்கார மேலாளரான துரையும் கேட்டிருக்கும் அவையில் அவன் நாக்கு எவ்வளவு தூரம் நீண்டிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

துரையே ஒரு பாத்திரமாக ஆகிவிட்டதற்குப் பத்து காஜா அருகில் கண்கூடான சான்று ஒன்று நிற்கிறது. ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித் 1915இல் கட்டத் தொடங்கி, 1926இல் அவர் லிஸ்பனில் இறந்ததால் முடிவுறாமல் போன கெல்லி கோட்டையின் பக்கத்தில் மாரியம்மன் கோயில் ஒன்று உண்டு. கட்டுமான வேலைக்கு வந்த தமிழ்த் தொழிலாளர்களை விஷக்காய்ச்சல் தாக்கியபோது அவர்கள் வேண்டியதால் எழுப்பப்பட்டது என்பது அதன் மரபுக்கதை. தெய்வ உருவங்களுக்கு நடுவே கோட்டும் தொப்பியுமாக நிற்கும் ஒரு சுதைச் சிற்பம் அந்தத் துரையையே குறிக்கிறது என்கிறார்கள். முகச்சாயல் இருக்கிறதா என்பது இரண்டாம் கேள்வி. கூத்தில் கிரீடம் செய்த வேலையை இங்கே தொப்பி செய்கிறது.

கூத்து நிகழ்த்திய பாரதக் கதைக்குள்ளேயே பாத்திர உருவாக்கத்தின் முழுமையான பாடம் விராட பருவத்தில் கிடைக்கிறது. பன்னிரண்டாண்டு வனவாசத்துக்குப் பின் ஓராண்டு பிறர் அறியாமல் வாழவேண்டிய பாண்டவர்கள், விராட நகரத்துக்குள் நுழையும் முன் கூடி அமர்ந்து, யார் யார் என்ன வேடம் பூணுவது என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொள்கிறார்கள். சூதில் நாட்டை இழந்த தருமன், சூதாட்டம் வல்ல கங்கனாகிறான். பெருந்தீனிக்காரனான பீமன் சமையற்காரனாகிறான். அர்ச்சுனன் ஊர்வசியின் சாபத்தைப் பயன்படுத்திக்கொண்டு பிருகன்னளை என்ற நடன ஆசிரியை ஆகிறான். நகுலன் குதிரைகளையும் சகாதேவன் பசுக்களையும் பார்த்துக்கொள்ள, திரௌபதி அரசியின் பணிப்பெண்ணாகிறாள். எவரும் தம்மிடம் இல்லாத திறமையைக் கோரவில்லை என்பதும், குறையே வேடத்தின் வித்தாகிறது என்பதும் இதில் கவனிக்கத்தக்கவை.

தொடக்கத்தில் சொன்ன மேசை விளையாட்டின் பிறப்பு இதற்கெல்லாம் தொடர்பற்றது. அதன் வேர் போர்க்கலையில் இருக்கிறது. பிரஷ்ய அதிகாரியான ரைஸ்விட்ஸ் 1824இல் வெளியிட்ட போர்ப்பயிற்சி விளையாட்டில் நடுவர் ஒருவர் பகடையின் துணையோடு முடிவுகளை அறிவித்தார். 1969இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி நடத்திய ஆட்டத்தில் படைகளுக்குப் பதிலாக ஆளுக்கொரு தனிமனிதப் பாத்திரம் வந்தது. அதைத் தொடர்ந்து டேவ் ஆர்னசனும் கேரி கைகாக்ஸும் 1974இல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டை மூன்று சிறு நூல்களாக வெளியிட்டனர். அதில் வலிமை, அறிவு, ஞானம், உடலுறுதி, கைத்திறன், வசீகரம் ஆகிய ஆறு பண்புகளுக்கும் தலா மூன்று பகடைகளை உருட்டி எண் பெறவேண்டும். விழக்கூடிய 216 வகைகளில் ஒன்றே ஒன்றுதான் உச்சமான 18ஐத் தரும் என்பதால், பெரும்பாலோர் 10, 11 என்ற நடுத்தர எண்களோடு புறப்பட்டனர். அதன் பின்னரே வீரனா, மந்திரவாதியா, குருவா என்ற தேர்வு. 1977இல் வந்த டிராவலர் என்ற விண்வெளி விளையாட்டு, பாத்திரத்தின் முன்வாழ்க்கையையும் பகடையால் அமைத்தது. ஆட்டம் தொடங்கும் முன்னரே, உருவாகும்போதே பாத்திரம் செத்துப்போகவும் அதில் வழியிருந்தது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014ஆம் ஆண்டு ஐந்தாம் பதிப்பு, பாத்திரத்தின் பின்புலம், இலட்சியம், பிணைப்பு, குறை ஆகியவற்றையும் எழுதச் சொல்கிறது. கட்டியக்காரன் கேட்ட குலமும் சபதமும் அங்கே காகிதத்தில் நிரப்பவேண்டிய இடங்களாகியிருக்கின்றன.

பேராக்குக்குத் திரும்பினால், தோட்டக் கூத்து நலிந்ததற்குக் காரணங்கள் பல. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் அருகே மூன்று தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டதையடுத்து வந்த அவசரகாலச் சட்டம் இரவு நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தியது. விடியவிடிய நடக்கும் கலைக்கு இதைவிடப் பெரிய இடி வேண்டியதில்லை. பின்னர்த் திரைப்படம் வந்தது, தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன, ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது, லயத்துப் பிள்ளைகள் ஈப்போவின் புந்தோங் போன்ற நகர்ப்புறக் குடியிருப்புகளுக்கு நகர்ந்தனர்.

இரண்டு மரபுகளும் உறுதியாகப் பிரியும் இடம் சாவு. மேசையில் பகடை கைவிட்டால் பாத்திரம் இறக்கும். ஆடியவர் புதுத் தாளில் வேறொரு பெயரை எழுதுவார். திரௌபதி அம்மன் விழாவின் போர்க்களச் சடங்கான படுகளத்தில் துரியோதனன் ஆண்டுதோறும் மண்ணுருவாகக் கிடத்தப்பட்டுத் தொடை பிளந்து சாகிறான். அடுத்த ஆண்டு திரைக்குப் பின்னால் அதே பெயரோடு நிற்கிறான், ஆடுபவன்தான் வேறாள்.