குழந்தைகளைக் காக்கும் அளவுநாடா

உயிருக்குப் போராடும் குழந்தையைத் தராசில் ஏற்றி நிறுக்க அவகாசமிராது. ஆயினும் நிறையறியாமல் மருந்தளவைக் கணிக்கவும் இயலாது. அவசர சிகிச்சைப் பிரிவுகளில் வைத்தியர்கள் நிறையைக் கண்ணால் மதிப்பிட்டு, பதற்றத்தின் மத்தியில் மனக்கணக்குச் செய்து வந்தனர். தசமப்புள்ளி ஓரிடம் பிசகினால் மருந்து பத்து மடங்காகிவிடும்.

1980களில் ஐக்கிய அமெரிக்காவின் வட கரோலினாவில் பணியாற்றிய வைத்தியர் ஜேம்ஸ் புறோஸ்லோ இதற்கொரு வழி கண்டார். குழந்தையின் நீளத்துக்கும் நிறைக்கும் உள்ள தொடர்பை அடிப்படையாகக் கொண்டு அளவுநாடா ஒன்றை அமைத்தார். வைத்தியர் றொபேட் லூட்டனும் இம்முயற்சியில் இணைந்தார். படுத்திருக்கும் குழந்தையின் அருகே நாடாவை விரித்தால், குதிக்கால் எட்டுமிடத்தில் மதிப்பிட்ட நிறையும் மருந்தளவும் தெரியும். 25 கிலோ வரையான குழந்தைகளில் இம்மதிப்பீடு துல்லியமானதென 1988இல் வெளியான ஆய்வு காட்டியது. நிறங்களால் வகுக்கப்பட்ட அந்நாடா பின்னர் பல நாடுகளுக்கும் பரவியது.

எனினும் நாடா தருவது மதிப்பீடே. மிகப் பருத்த, மிக மெலிந்த குழந்தைகளில் அது பிசகலாம். ஆதலால் பிள்ளையின் நிறையைப் பெற்றோர் கிலோவில் அறிந்திருத்தல் நன்று. 20 இராத்தலை 20 கிலோவெனக் கொண்டால் மருந்து இருமடங்கைத் தாண்டும். அந்நிய மொழியில் நா தடுமாறினும், அந்த ஓர் எண்ணைத் தாளில் எழுதிக் காட்டலாம்.