துணைக்கேள்விக்கு யார் காவல்? வெள்ளை மாளிகை வழக்குகளை முன்வைத்து

2018 நவம்பர் 7, அமெரிக்க இடைக்காலத் தேர்தலுக்கு மறுநாள். வெள்ளை மாளிகைச் செய்தியாளர் சந்திப்பில் சிஎன்என் செய்தியாளர் ஜிம் அகோஸ்டா, எல்லையை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்த மத்திய அமெரிக்க மக்களைப் படையெடுப்பாளர்களாகச் சித்திரித்தது தகுமா என்று அதிபர் டிரம்ப்பிடம் கேட்டார். அடுத்து ரஷ்ய விசாரணை குறித்துக் கேட்க முனைந்தபோது ஒலிவாங்கியை ஒப்படைக்கச் சொன்னார்கள். அன்றிரவே அவருடைய நுழைவு அட்டை முடக்கப்பட்டது. நவம்பர் 16 அன்று நீதிபதி டிமோதி கெல்லி அதைத் திருப்பித் தர இடைக்கால உத்தரவிட்டார். பத்திரிகைச் சுதந்திரம் வென்றதாகப் பலர் மகிழ்ந்தார்கள். அந்த மகிழ்ச்சி அவசரமானது என்பதே என் வாதம்.

கருத்துரிமையைக் காக்கும் முதலாம் திருத்தத்தைப் பற்றி கெல்லி முடிவேதும் சொல்லவில்லை. உரிய நடைமுறையைக் கோரும் ஐந்தாம் திருத்தமே அவருக்குப் போதுமானதாக இருந்தது. அதற்கு அடித்தளம் 1977இன் ஷெரில் எதிர் நைட் தீர்ப்பு. 'தி நேஷன்' இதழின் ராபர்ட் ஷெரிலுக்குப் பாதுகாப்பைக் காரணம் காட்டி 1966இல் அட்டை மறுக்கப்பட்டிருந்தது. மறுப்பதானால் முன்னறிவிப்பும், பதிலளிக்க வாய்ப்பும், எழுத்தில் காரணமும் வேண்டும் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். யாருக்குப் பேட்டி தருவது என்பது அதிபரின் விருப்பம் என்றும் அதே தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. ஆக, சட்டம் செய்தியாளரை அறைக்குள் கொண்டுபோய் விடும். கேட்பதற்கு அங்கே பாதுகாப்பு இல்லை.

இந்த இடைவெளியை அரசு உடனே பயன்படுத்திக்கொண்டது. நவம்பர் 19 அன்று அட்டையைத் திருப்பித் தந்த கையோடு விதிகளை வெளியிட்டது: ஒருவருக்கு ஒரு கேள்வி; துணைக்கேள்வி பதில் சொல்பவர் மனம் வைத்தால் மட்டும்; மீறினால் அட்டை போகலாம். அட்டையை முடக்கியதைவிட இது ஆழமான வெட்டு. முதல் கேள்விக்கான பதிலை எந்தத் தலைவரும் ஆயத்தமாக வைத்திருப்பார். அந்தப் பதிலில் உள்ள ஓட்டையை, அது சொல்லப்பட்ட கணத்திலேயே சுட்டுவது துணைக்கேள்விதான். அதைக் கேட்க அனுமதிக்கும் அதிகாரம், கேள்விக்கு ஆளானவரிடமே போய்ச் சேர்ந்தது.

பலர் காத்திருக்கும் அவையில் ஒருவரே பேசிக்கொண்டிருக்க முடியாது என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் நேரத்தைப் பகிர்வது செய்தியாளர்களின் வேலையாக இருக்கலாம். 2018 ஜூலையில் என்பிசியின் ஹாலி ஜாக்சன் கேட்டுக்கொண்டிருந்தபோதே செய்தித் தொடர்பாளர் அவரை விட்டுவிட்டு 'தி ஹில்' ஏட்டின் ஜோர்டன் ஃபேபியனை அழைத்தார். ஃபேபியன் தம் முறையை ஜாக்சனுக்கே விட்டுக்கொடுத்தார். எந்த நீதிமன்றமும் தர முடியாத பாதுகாப்பு அது.

1914இல் வெள்ளை மாளிகைச் செய்தியாளர் சங்கம் பிறந்ததற்கும், சந்திப்புகளுக்கு யார் வரலாம் என்பதைப் பிறர் தீர்மானிக்கப்போகிறார்கள் என்ற அச்சமே காரணம். 2025 பிப்ரவரியில் அந்த அச்சம் மெய்யானது: அதிபருடன் செல்லும் சிறு செய்தியாளர் குழுவைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அரசு எடுத்துக்கொண்டது. மெக்சிகோ வளைகுடாவை அரசு சூட்டிய புதுப் பெயரால் மட்டுமே அழைக்க மறுத்த அசோசியேட்டட் பிரஸ் அதிபர் அலுவலகத்திலிருந்து விலக்கப்பட்டது. ஏப்ரலில் அதற்குச் சாதகமாக வந்த நீதிமன்ற உத்தரவின் பெரும்பகுதியை ஜூனில் மேல்முறையீட்டு அமர்வு நிறுத்திவைத்தது. இப்போது அறைக்குள் நுழைவதே உறுதியில்லை. எனவே உள்ளே இருப்பவர்கள், வெளியே நிறுத்தப்பட்டவரின் கேள்வியைத் தம் முறையில் கேட்க வேண்டும். அதனால் தம் ஏட்டுக்கு ஒரு நாள் தனிச்செய்தி கிடைக்காமல் போனாலும் பரவாயில்லை என்று அவர்களுடைய ஆசிரியர்கள் முன்கூட்டியே சொல்லி அனுப்பவும் வேண்டும்.