விளிம்பில் ஒரு பெயர்: பட்டாளத்து மெடல்களும் நம் வரலாறும்



நினைவுச் சொற்பொழிவு என்றால் ஒரு தலைவரைப் பற்றியோ ஒரு போராட்டத்தைப் பற்றியோ பேசுவது வழக்கம். நான் பேச வந்திருப்பது நம் வீடுகளில் டிரங்குப் பெட்டிக்கு அடியில் கிடக்கும் ஒரு சிறிய பொருளைப் பற்றி: பட்டாளத்து மெடல்.

நம் சேரிகள் பலவற்றில் ‘பட்டாளத்தார் வீடு’ என்று ஒரு வீடு உண்டு. பட்டாளத்துக்குப் போனவர் இறந்து அறுபது எழுபது ஆண்டுகள் ஆகியிருக்கும். மிஞ்சியிருப்பது ஒரு மெடல், மடித்து மடித்துக் கிழிந்த டிஸ்சார்ஜ் சர்டிபிகேட், ‘பஸ்ராவுக்குப் போய் வந்தவர்’ என்ற ஒற்றை வாக்கியம். கஷ்டம் வந்தால் வெள்ளி மெடல் அடகுக்கடைக்குப் போகும். கடைக்காரர் அதை எடை போட்டு வாங்குவார். உருக்கிய பிறகு வெள்ளி மிஞ்சும், சாட்சியம் மிஞ்சாது.

நாம் கூடியிருக்கும் இந்தக் கோவளத்திலிருந்தே தொடங்குவோம். 1752இல் ராபர்ட் கிளைவ், பிரெஞ்சுக்காரர் வசமிருந்த கோவளம் கோட்டையைப் பிடித்தார். அடுத்துச் செங்கல்பட்டுக் கோட்டையைப் பிடித்தார். அவரிடம் இருந்த படை, இங்கிலாந்திலிருந்து அப்போதுதான் வந்திறங்கிய 200 பேரும், இங்கே புதிதாகச் சேர்க்கப்பட்ட 500 சிப்பாய்களும். கிளைவின் பெயர் எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது. அந்த 500 பேரும் வெறும் எண்ணிக்கை. இவர்கள் யார், எந்தத் தெருவிலிருந்து வந்தவர்கள் என்று பாடநூல் கேட்பதில்லை.

1780இல் சென்னைக் கோட்டையில் பயனியர் கம்பெனிகள் இரண்டு தொடங்கப்பட்டன. பாதை போடுவது, பாலம் கட்டுவது, கோட்டைச் சுவருக்குக் கீழே சுரங்கம் தோண்டுவது அவர்கள் வேலை. அதிலிருந்து வளர்ந்ததுதான் மெட்ராஸ் சாப்பர்ஸ்; இன்று பெங்களூரில் இருக்கும் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப். சாப்பர்ஸ், பயனியர் படைகளில் பறையர் சமூகத்தவர் பெருமளவில் சேர்ந்தார்கள். ஊரில் செருப்புப் போட்டு நடக்க முடியாதவர் அங்கே பூட்ஸ் போட்டார். தானியக் கூலி வாங்கியவர் கையில் பணமாகச் சம்பளம் வாங்கினார். பட்டாளத்துப் பள்ளிக்கூடத்தில் எழுத்துப் படித்தார். அண்ணல் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி, சுபேதாராகவும் ராணுவப் பள்ளித் தலைமையாசிரியராகவும் இருந்தவர் என்பதை இங்கே நினைவில் வைக்கவேண்டும்.

அந்தக் கதவும் சாத்தப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் போன்றவர்கள் ‘போர்க்குடி’க் கோட்பாட்டைக் கொண்டுவந்தார்கள். சில சாதிகளே வீரச் சாதிகள், மற்றவர்கள் சண்டைக்கு உதவாதவர்கள் என்றார்கள். தென்னிந்தியப் படைப்பிரிவுகள் குறைக்கப்பட்டன; மராட்டியத்தில் மகர்களுக்குப் படை மூடப்பட்டது. பெரும்போர் வந்து ஆள் தேவைப்பட்டபோது கதவு திறந்தது. போர் முடிந்ததும் மீண்டும் சாத்தப்பட்டது. மெட்ராஸ் பயனியர் படை 1933இல் கலைக்கப்பட்டது. 1943இல் உருவான சமார் ரெஜிமென்ட் 1946இல் கலைக்கப்பட்டது.

இந்தப் பின்னணியோடு மெடலைக் கையில் எடுங்கள். முகப்பில் இருக்கும் மன்னர் தலை நமக்கு முக்கியமில்லை. விளிம்பைப் பாருங்கள். முதல் உலகப்போரின் பிரிட்டிஷ் வார் மெடலிலும் விக்டரி மெடலிலும் விளிம்பைச் சுற்றிச் சிறிய ஆங்கில எழுத்தில் நம்பர், பதவி, பெயர், படைப்பிரிவு பொறிக்கப்பட்டிருக்கும். 1914–15 ஸ்டார் என்னும் வெண்கல நட்சத்திரத்தில் இவை பின்பக்கம் இருக்கும். ‘எஸ் அண்ட் எம்’ என்றிருந்தால் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். இரண்டாம் உலகப்போர் மெடல்களில் பெயர் இல்லாமலும் இருக்கலாம். அப்போது டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்தான் வழி.

பளபளப்பாக்குகிறேன் என்று புளி போட்டுத் தேய்க்காதீர்கள், சாம்பல் போட்டும் தேய்க்காதீர்கள். எழுத்து தேய்ந்தால் ஆள் தேய்ந்தார். சாய்வான வெளிச்சத்தில் வைத்துக் கைப்பேசியில் படம் எடுத்தாலே போதும்.

பெயரை மட்டும் நம்பினால் தடம் மாறும். முனுசாமி ஆயிரம் பேர் இருப்பார்கள். நம்பரையும் படைப்பிரிவையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு மனிதர் கிடைப்பார். கோரேகான் தூணில் 1818 சண்டையில் இறந்தவர்கள் 49 பேரின் பெயர் இருக்கிறது. அதில் 22 பெயர்கள் ‘நாக்’ என்று முடிவதால் மகர்கள் என்று தெரிகிறது. நம் பெயர்களில் அப்படி அடையாளம் கிடையாது. சாதி, ஊர், தாலுகா, அங்க அடையாளம், வாரிசு எல்லாம் படையில் சேர்ந்தபோது எழுதிய பதிவேட்டில் இருக்கும். அதைத் தேடி அந்தப் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுதவேண்டும். சாப்பர்ஸ் என்றால் பெங்களூர். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் கேட்கலாம். படைப்பிரிவு எங்கே போனது, என்ன செய்தது என்பதை முதல் உலகப்போர்க் கால நாட்குறிப்புகளில் பார்க்கலாம். அவை லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தேடும்போது ஊர்ப் பெயரைப் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேடுங்கள். கோவளம் அன்று ‘கவ்லாங்’, செங்கல்பட்டு ‘சிங்கில்புட்’.

மெடலின் உலோகமும் பேசும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பல போர்களில் சிப்பாய்க்கு வெள்ளி மெடல் தந்தார்கள். அவரோடு போன டோலி தூக்குபவர், சமையல்காரர், துப்புரவுத் தொழிலாளி ஆகியோருக்கு அதே மெடலை வெண்கலத்தில் தந்தார்கள். முதல் உலகப்போரிலும் பல தொழிலாளர் படையினருக்கு வார் மெடல் வெண்கலத்தில்தான் வந்தது. வீட்டில் இருப்பது ‘வெறும் செம்புதானே’ என்று தள்ளிவிடாதீர்கள். குண்டு விழுந்த அதே இடத்தில் நின்றவருக்கு உலோகத்தில் இறக்கிக் காட்டிய தகுதி அது. சாதி அடுக்கைப் படித்தவர்களுக்கு இந்த அடுக்கு உடனே புரியும்.

இறந்தவர்களிடமும் இதே அடுக்கு. பாஸ்ரா நினைவுச்சின்னத்தில் இந்திய அதிகாரிகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. சாதாரண இந்தியச் சிப்பாய்கள் எண்ணிக்கையாக்கப்பட்டார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021இல் இதை ஒப்புக்கொண்டது. ஆப்பிரிக்கா, ஆசியாவைச் சேர்ந்த 45,000 முதல் 54,000 பேர் சமமின்றி நினைவுகூரப்பட்டார்கள் என்றும், குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்றும் அதன் அறிக்கை சொன்னது. கோவளத்தின் 500 பேருக்கு நடந்தது 160 ஆண்டுகள் கழித்தும் நடந்தது.

நம் மாவட்டத்தில் இதற்கு மாறான ஒரு சான்றும் உண்டு. பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கீழ்ஒட்டிவாக்கத்தில் பிறந்த சுபேதார் சுப்பிரமணியன், மெட்ராஸ் சாப்பர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிஞ்ஞானோ அருகே, உடன் இருந்தவர்களைக் காப்பாற்றக் கண்ணிவெடி மேல் விழுந்து உயிர்விட்டார். ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கப்பட்டதால் அவர் கதை அரசிதழில் ஏறியது. அரசிதழில் ஏறாத சாப்பர்களுக்கு மெடல் விளிம்புதான் அரசிதழ்.

இதை வைத்து என்ன செய்யப்போகிறோம்? நம்மிடையே இரண்டு விதமாகப் பேசுகிறோம். ‘வெள்ளைக்காரனுக்குச் செய்த ஊழியம், இதில் பெருமை என்ன’ என்பது ஒன்று. அதில் நியாயம் இருக்கிறது. ‘ஈராக்’ என்று பட்டை பொருத்திய மெடல், 1920இல் ஈராக்கியரின் எழுச்சியை அடக்கியதற்குத் தந்தது. பர்மாப் பட்டை, பர்மாவைப் பிடித்ததற்கு. ஆனால் கூலியும் மானமும் மறுக்கப்பட்ட ஊரிலிருந்து வெளியேற இருந்த சில வழிகளில் ஒன்று அது என்பதை விட்டுவிட்டு அவர்களை எடைபோட முடியாது.

‘நாங்களும் வீரப் பரம்பரை’ என்பது இன்னொன்று. இது எனக்கு அதிகக் கவலை தருகிறது. பிறப்பால் சிலர் வீரர் என்ற அளவுகோல்தான் நம்மைப் படையிலிருந்து வெளியேற்றியது. அந்த அளவுகோலை நாமே கையில் எடுத்து நம்மை அளந்துகொள்வதா? போர்க்குடி என்பது காக்கி உடுத்திய சாதியம்.

மெடல் பெருமைக்கும் வேண்டாம், வெட்கத்துக்கும் வேண்டாம். அதை ஆவணமாக எடுத்துக்கொள்வோம். இந்த மாவட்டத்துக்கு இது புதிதல்ல. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமி நில அரசாணை வந்தது. நூறாண்டு கழித்து, பறிபோன நிலத்தை மீட்கக் காரணை மக்கள் எழுந்தார்கள். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர்கொடுத்தார்கள். அந்தப் போராட்டத்தில் நம் கையில் இருந்தது கிராமப் பதிவேட்டில் இருந்த ஒரு பத்தி. ஒரு வரி எழுத்து இருந்தால் அதை மறுக்க எதிரியும் எழுத்தைத்தான் தேடவேண்டும். மெடல் விளிம்பும் அப்படி ஒரு வரி. இந்த மனிதர் இருந்தார், இந்த நம்பரில் இருந்தார், திரும்பி வந்தார். வந்தவருக்கு ஓய்வூதியம் கிடைத்ததா, நிலம் கிடைத்ததா, எந்தத் தெரு வழியாக வீட்டுக்கு நடக்கவிட்டார்கள் என்ற கேள்விகளை அங்கிருந்துதான் கேட்க முடியும்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேலை. இந்த விடுமுறையில் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்துச் சேரிகளில் பட்டாளத்தார் வீடுகளைக் கணக்கெடுங்கள். முதலில் பாட்டிகளிடம் கேளுங்கள். மணியார்டர் வாங்கியவர்களைப் பார்த்தும் கேட்டும் வளர்ந்தவர்கள் அவர்கள்தான். மெடலை வாங்கி வராதீர்கள். படம் எடுத்துக்கொண்டு மெடலை அந்த வீட்டிலேயே விடுங்கள். நம்பர், பதவி, பெயர், படை, வீட்டார் சொல்வது என ஐந்து பத்தி போட்ட ஒரு நோட்டு போதும். பத்து ஊர் நோட்டுகள் சேர்ந்தால் இந்தக் கடற்கரையின் படைவரலாற்றை, கிளைவை அல்லாமல் நம் ஆட்களை முன்வைத்து எழுதத் தொடங்கலாம். ஜெய்பீம்.