பாங்கு எல்லோருக்கும் எட்டுகிறது. நம் செயலியும் எட்டுகிறதா?



நபி (ஸல்) அவர்களின் முஅத்தின்களில் ஒருவர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள். பார்வையற்றவர். நோன்பு நோற்போர் உண்பதை நிறுத்த வேண்டிய ஃபஜ்ர் பாங்கு அவர்கள் பொறுப்பில் இருந்தது. கிழக்கு வெளுப்பதை அவர்களால் பார்க்க இயலாது. சுப்ஹு நேரம் வந்துவிட்டதென மக்கள் சொன்ன பிறகே பாங்கு சொல்வார்கள் என்று புகாரியில் பதிவாகியுள்ளது. கண் தெரியவில்லை என்று பொறுப்பைப் பறிக்கவில்லை. தெரிய வேண்டிய செய்தியை, அவர்களுக்கு எட்டும் வழியில் சேர்த்தார்கள்.

இன்று நம் மஹல்லாக்களின் நிலை என்ன? தொழுகை நேர அட்டவணை, ஜனாஸா அறிவிப்பு, ஸகாத் விண்ணப்பம், மதரஸா சேர்க்கை எல்லாம் கைபேசிக்கு வந்துவிட்டன. ஆனால் பெரும்பாலும் படமாக வருகின்றன. பார்வையற்ற சகோதரருக்கு அந்தப் படம் வெறும் மௌனம்.

திரைவாசிப்பான் எப்படி வேலை செய்கிறது?

ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர், விண்டோஸ் கணினியில் இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ ஆகியவை திரையில் உள்ள எழுத்தைக் குரலில் வாசிக்கும் மென்பொருள்கள். எழுத்து எழுத்தாக இருந்தால்தான் இவை ஒழுங்காக வாசிக்கும். விளக்கம் சேர்க்காத படத்தை "படம்" என்றும், பெயரிடாத பட்டனை "பட்டன்" என்றும் மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். யூனிகோடு அல்லாத பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த தமிழ், கணினிக்குள் ஆங்கில எழுத்துகளாகவே இருப்பதால் பொருளற்ற ஒலியாகக் கேட்கும். தமிழ்ப் பக்கத்தின் நடுவே வரும் குர்ஆன் வசனத்துக்கு, இது அரபி என்ற மொழிக்குறியீடு இல்லாவிட்டால் தமிழ்க் குரல் அதைத் தவறாக ஒலிக்கும் அல்லது விட்டுவிடும்.

தரநிலையும் சட்டமும்

உலகளாவிய வலை கூட்டமைப்பு இதற்கான வழிகாட்டு நெறிகளை 1999இல் முதன்முதலில் வெளியிட்டது. 2023 அக்டோபரில் 2.2 பதிப்பு வந்தது. அதன் அடிப்படை நான்கு: உள்ளடக்கம் புலன்களுக்கு எட்ட வேண்டும், இயக்க முடிய வேண்டும், புரிய வேண்டும், பலவகைக் கருவிகளிலும் சரியாக இயங்க வேண்டும்.

இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, தகவல் தொடர்பில் அணுகல் வசதியை வலியுறுத்துகிறது. வங்கி, சிம் கார்டு ஆகியவற்றுக்கான இணையவழி அடையாளச் சரிபார்ப்பில் கண் சிமிட்டச் சொல்லும் முறையால், ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டோரும் பார்வையற்றோரும் அல்லல்பட்டார்கள். இவ்வழக்கில் 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது.

ஜமாஅத்கள் செய்ய வேண்டியவை

1. படமாக அனுப்பும் அறிவிப்பின் கீழே அதே விவரத்தை யூனிகோடு தமிழில் தட்டச்சு செய்யுங்கள். ஜனாஸா என்றால் மய்யித்தின் பெயர், தொழுகை நேரம், பள்ளிவாசல், அடக்கம் செய்யும் இடம்.

2. இளம்பச்சையில் தங்கநிற எழுத்து அழகாகத் தெரியலாம். முதியவர் கண்ணுக்குத் தெரியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 வேறுபாடு வேண்டும் என்கிறது தரநிலை.

3. எழுத்தை இருமடங்கு பெரிதாக்கினாலும் பக்கம் குலையக் கூடாது. கை நடுங்குபவரும் தொடும் அளவுக்குப் பட்டன் பெரிதாக, இடைவெளியோடு இருக்கட்டும்.

4. கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டத்தைச் சிவப்பால் மட்டும் காட்டாமல் "கட்டாயம்" என்று எழுதுங்கள். நிறம் பிரித்தறிய இயலாதோர் நம்மிடையே உண்டு.

5. பயான் காணொளிகளுக்குத் தமிழ் வசன வரிகள் சேருங்கள். செவித்திறன் அற்றோருக்கும் மார்க்கம் கடமை. கேட்கும் உரிமையும் அவர்களுடையதே.

வீட்டில் பேச வேண்டியது

"பிள்ளைகள் பார்த்துச் சொல்லிவிடுவார்களே" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பார்வையற்றவரோ முதியவரோ வங்கிக் கடவுச்சொல்லையும் ஓடிபியையும் அடுத்தவரிடம் சொல்லித்தான் தம் பணத்தை எடுக்க வேண்டும் என்றால், அவரது அந்தரங்கமும் பொருளும் பிறர் தயவில் நிற்கின்றன. உதவுவது நன்மையே. ஆனால் தாமே செய்துகொள்ளும் வழியைத் திறந்துவிடுவது அவரது கண்ணியத்தைக் காப்பது.

செயலி வடிவமைக்கும் நம் பிள்ளைகள் ஒரு சோதனை செய்யலாம். கைபேசி அமைப்புகளில் அணுகல்தன்மைப் பகுதியில் டாக்பேக்கை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு உங்கள் மஹல்லா செயலியில் இன்றைய அஸர் ஜமாஅத் நேரத்தைக் கண்டுபிடியுங்கள். விரலால் தடவினால் வாசிக்கும். இருமுறை தட்டினால் திறக்கும். நேரம் கிடைக்கவில்லையா? எங்கே தடுக்கிறதோ அங்கே திருத்துங்கள். பிறகு பார்வையற்ற ஒருவரிடமே கொடுத்துக் கருத்துக் கேளுங்கள். நம் ஊகத்தைவிட அவர் அனுபவமே சரியான அளவுகோல்.

குறைஷித் தலைவர்களோடு பேச்சு நடந்த வேளையில் மார்க்கம் கற்க வந்த அதே இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களுக்காகவே அபஸ அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் இறங்கின. தேடி வருபவர் யாராயினும் முகம் கொடுக்க வேண்டும் என்பது நமக்கு அதிலுள்ள பாடம். நம் திரைகளும் அப்படி முகம் கொடுக்க அல்லாஹ் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.