எட்டயபுரத்து நெளிகோடும் என் அரைத் துளையும்

புல்லாங்குழல் கற்க ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகிறது. எனக்கு வயது நாற்பத்தி ஏழு. கோவில்பட்டியில் உட்கார்ந்துகொண்டு, திருநெல்வேலியில் இருக்கும் ஒரு இளம் வித்வானிடம் வீடியோ காலில் பாடம். போன சித்திரையில் அவர் சொன்னார்: "அண்ணாச்சி, ஸ்வரம் எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா உங்க குழல் எழுத்துக்கூட்டி வாசிக்கு. பேச மாட்டேங்கு."

உண்மை. அதனால்தான் வலித்தது. அன்றைக்கே குழலைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்துவிட்டேன். இந்த வயதில் விரல் இனி எங்கே வளையப்போகிறது என்று ஒரு எண்ணம்.

அதைத் திரும்ப எடுக்க வைத்தது ஒரு புத்தகம். இங்கிருந்து கிழக்கே பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் எட்டயபுரம். பாரதி பிறந்த ஊர் என்று எல்லோருக்கும் தெரியும். முத்துசுவாமி தீட்சிதர் 1835ல் மறைந்ததும் அங்கேதான், சமாதி இருக்கிறது. அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அங்கே சமஸ்தான வித்வான். பாலுசுவாமியின் மகள் வயிற்றுப் பேரனும் சுவீகார புத்திரனுமான சுப்பராம தீட்சிதர் (1839–1906) எழுதிய 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904ல் எட்டயபுரத்திலேயே அச்சானது. தெலுங்கு லிபியில், இரண்டு பெரிய தொகுதிகள். இந்த வித்தை எழுத்தில் நிற்க வேண்டும் என்று அவரைத் தூண்டியவர் சின்னசாமி முதலியார். செலவை ஏற்றது எட்டயபுரம் ஜமீன்.

கீர்த்தனைகளை ஸ்வரப்படுத்தியது மட்டும் அதன் பெருமை இல்லை. ஸ்வரம் எப்படி அசைய வேண்டும் என்பதற்கும் அதில் குறியீடு உண்டு. கம்பிதத்துக்கு நெளிகோடு. ஏற்ற ஜாருவுக்கு மேல்நோக்கிய சாய்கோடு, இறக்க ஜாருவுக்குக் கீழ்நோக்கியது. நொக்கு, ரவை, கண்டிப்பு, ஒடுக்கல், ஒரிகை என்று ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம். மியூசிக் அகாடமி வெளியிட்ட தமிழ்ப் பதிப்பில் இந்தப் பக்கங்களைப் படித்தபோதுதான் என் கோளாறு எங்கே என்று புரிந்தது. விளக்கங்களில் வருவது பெரும்பாலும் வீணை. விரலை ஸ்வர ஸ்தானத்தில் வைத்துத் தந்தியை அசை என்கிறார். அசைக்க என் கையில் தந்தி இல்லையே!

குழலின் கணக்கைக் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் குழலில் ஊதும் துளை போக எட்டுத் துளை. முதல் இரண்டை மூடினால் ஸ. ஒன்றை மட்டும் மூடினால் சதுஸ்ருதி ரி. எல்லாம் திறந்தால் அந்தர க. கீழே இறங்கினால் மூன்று மூடி நி, நான்கு மூடி த, ஐந்து மூடி ப, ஆறு மூடி ம. அதாவது விரலை முழுசாக எடுத்து வைத்தாலே ஹரிகாம்போதி வந்துவிடும். ஆனால் நாம் முதல் பாடம் படிப்பது மாயாமாளவகௌளையில். அதன் ரி, த, நி மூன்றுக்குமே அரைத் துளை மூட வேண்டும். குழல்காரனுக்கு முதல் நாளே சோதனை.

கமகம் இன்னும் கஷ்டம். க-விலிருந்து ம-வுக்கு ஒரு அசைவு வேண்டும் என்று வையுங்கள். வீணைக்காரர் அதே மெட்டில் தந்தியைச் சற்று இழுத்தால் போதும். குழலில் க என்றால் எல்லாத் துளையும் திறந்திருக்கும். ம என்றால் ஆறு விரலும் விழ வேண்டும். பக்கத்து வீட்டுக்குப் போக ஊரைச் சுற்றுகிற கதை.

இது என் ஒருவனுடைய பிரச்சினை இல்லை என்பதுதான் எனக்குக் கிடைத்த ஆறுதல். குழலைக் கச்சேரி வாத்தியமாக உயர்த்தியவர் கும்பகோணம் சரப சாஸ்திரி. பார்வையற்றவர், முப்பத்திரண்டு வயதில், பிரதர்சினி வெளிவந்த அதே 1904ல் காலமானார். அவருடைய சிஷ்யர் பல்லடம் சஞ்சீவ ராவ் (1882–1962) அந்தப் பாணியைக் கொண்டுபோனார். அவருடைய பழைய இசைத்தட்டைக் கேட்டால், வேகமும் தெளிவுமாக, ஸ்வரங்கள் முத்து முத்தாக உதிர்வதுபோல என் காதுக்குப் படுகிறது. அழகுதான். ஆனால் அது குழலின் பாஷை, வாய்ப்பாட்டின் பாஷை இல்லை.

அதை மாற்றியவர் மாலி என்கிற டி.ஆர். மகாலிங்கம். 1926ல் திருவிடைமருதூரில் பிறந்தவர். 1933ல் மயிலாப்பூரில் மேடையேறியபோது வயது ஏழு. அவர் வீட்டில் முதலில் கற்றது வாய்ப்பாட்டு. குழலைத் தானாகவே பிடித்துக்கொண்டார். பாடத் தெரிந்த பையன் தன் குழல் ஏன் பாடக் கூடாது என்று பார்த்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். விரல் வைக்கும் முறை, ஊதும் முறை இரண்டையும் மாற்றினார். துளையைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடித் திறந்து, மூச்சையும் அதோடு கூட்டிக் குறைத்து, கமகத்தைக் குழலுக்குள் கொண்டுவந்தார். எட்டயபுரத்தில் நெளிகோடு அச்சேறி முப்பது வருஷம் கழித்துத்தான் குழல் அதைச் சரளமாகச் சொல்லக் கற்றுக்கொண்டது. அப்புறம் எனக்கு மூன்று வருஷம் ஆனால் என்ன?

இதற்கு உள்ளூரிலேயே இன்னொரு சாட்சி உண்டு. கோவில்பட்டியில் வாழ்ந்த காருகுறிச்சி அருணாசலத்தின் (1921–1964) நாகஸ்வரம். அவர் வாசிப்பில் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு எங்கே போனார் என்று கோடு கிழிக்க முடியாது. சீவாளியில் உதடும், துளையில் விரலும், மூச்சும் ஒரே வேலையைச் செய்கின்றன.

ஆகவே பயிற்சியை மாற்றினேன். முதலில் குழலைத் தொடாமல் அந்தப் பிடியை வாயால் பாடுவது. தொண்டையில் வராத அசைவு விரலில் வராது. பிறகு விரல் நுனியைக் குத்தாமல், சதைப்பகுதியைத் தட்டையாக வைத்து, தூக்குவதற்குப் பதில் உருட்டுவது. தம்பூராவோடு, ரொம்ப மெதுவாக, ஒரு நாளைக்கு ஒரே ஒரு அசைவு. விரல் உருளும்போது மூச்சு தூங்கிவிடக் கூடாது; அதுவும் கூடவே சாய வேண்டும். முதல் மாதம் பூனை கத்துவது போலத்தான் இருந்தது. வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, கதவை மட்டும் சாத்திக்கொண்டார்கள்.

ஆவணியில் மாயாமாளவகௌளையின் ரி ஒரு நாள் நடுங்காமல் நின்றது. தோடி காந்தாரம் இன்னும் பிடிபடவில்லை. அந்த ஸ்வரமே அசைவுதான். அசையாத தோடி காந்தாரம் காந்தாரமே இல்லை. போன வாரம் வாசித்துக் காட்டியபோது வாத்தியார் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அண்ணாச்சி, இப்ப ஒரு வார்த்தை விழுந்துச்சு. திரும்ப வாசிங்க."

திரும்ப வரவில்லை. ஆனால் குழல் இப்போது பீரோவில் இல்லை, மேசைமேல் இருக்கிறது.