கூரை விட்ட மூச்சு

திருப்பூரில் பனியன் பின்னும் தொழிலுக்கு 1925ஆம் ஆண்டில் கால்கோள் இட்டவர் குலாம் காதர் சாகிபு என்று அவ்வூரின் தொழில் வரலாறு கூறும். பொறிகளின் கதையையும் வணிகத்தின் கதையையும் பலர் எழுதிவிட்டனர். அவற்றின் மேல் கவிந்திருந்த கூரையின் கதையை எழுதுவார்தாம் இல்லை.

கொங்கு நாட்டின் பழைய வீடுகளும் கொட்டகைகளும் ஓடு வேய்ந்தவை. முதலில் நாட்டு ஓடு. பின்னர், பாசல் மிஷனார் 1865இல் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையின் வழியே பரவிய சீமை ஓடு. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையே எண்ணற்ற சந்துகள். சுட்ட மண்ணோ சிறிது ஈரத்தை உறிஞ்சி, வெயில் ஏறியதும் விட்டுவிடும். வீட்டில் நெல் அவிக்கும்போது எழுந்த ஆவி அச்சந்துகளின் வழியே தானாக வெளியேறிற்று. அதைக் காற்றோட்டம் என்று எவரும் பெயரிட்டு அழைத்ததில்லை. ஆதலால் அது போனபோதும் எவரும் அறியவில்லை.

1980களில் வண்ண ஆடைகளின் ஏற்றுமதி பெருகியது; சாயப்பட்டறைகளும் பெருகின. விரைவில் எழும்பிய கொட்டகைகளுக்குக் கல்நார் சிமெண்டுத் தகடே வாய்ப்பாக இருந்தது. (கல்நார் நுரையீரலுக்குச் செய்யும் தீங்கு தனிக்கதை.) தகட்டில் சந்து இல்லை. கீழே தொட்டிகளில் 60 பாகை செல்சியசுக்கும் மேலான வெந்நீர். மேலே மார்கழி விடியலில் குளிர்ந்த தகடு. ஈரக்காற்று குளிர்ந்த பொருளைத் தொட்டால் ஏன் துளி பிறக்கிறது என்பதை வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்னும் மருத்துவர் பனியைப் பற்றிய தம் நூலில் 1814லேயே விளக்கிவிட்டார். பட்டறையில் அப்பனி கூரையின் உட்புறத்தில் பெய்தது. இரும்புச் சட்டத்தின் துருவையும் பஞ்சுத் தூசியையும் கரைத்துக்கொண்டு சொட்டியது. இளஞ்சிவப்புத் துணியில் ஒரு பழுப்புப் புள்ளி விழுந்தால் போதும், அத்துணி கழிவு, இல்லையேல் மறுசாயம்.

இத்தொல்லை புதிதன்று. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், வெந்நீர்க் குளியலறைகளுக்கு இரட்டை விதானம் அமைக்கச் சொன்னார். ஆவி இரண்டிற்கும் இடையே உலவிப்போகும், மேலுள்ள மரம் உளுத்துப்போகாது என்பது அவர் கருத்து. சாயப்பட்டறைக்கு அதனினும் எளிய வழி உண்டு: முகட்டில் நீளத் திறப்பு, அதன்மேல் மழை புகாத சிறு மூடி, சுவரின் அடியில் காற்று நுழைய வழி. மழைக்காலத்தில் வெளிக்காற்றே ஈரமாயிற்றே, அதை உள்ளே விட்டு என்ன பயன் என்று கேட்பார் உண்டு. கொதிக்கும் தொட்டியின் மேலுள்ள காற்றோடு ஒப்பிட்டால் மழைக்காற்றில் இருக்கும் நீர் குறைவே. உள்ளே வந்து சூடேறியபின் அது இன்னும் ஈரத்தை ஏற்றுக்கொண்டு மேலெழும். ஆனியிலும் ஆடியிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் மேல்காற்று, முகட்டில் இருப்பதை இழுத்துச் சென்றுவிடும். குளிர்காலத்தில் அந்த உதவி இல்லை. அப்போது அடித்திறப்புத்தான் எல்லாம்.

மறுசாயம் என்பது பணக்கணக்கு மட்டுமன்று. ஒரே துணிக்கு இருமுறை நீர், இருமுறை உப்பு, இருமுறை கழிவு. நொய்யலின் பொருட்டுச் சென்னை உயர்நீதிமன்றம் 2011 சனவரியில் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதை அறிந்தவர்க்கு அதன் விலை தெரியும். வழக்கில் கூரையைப் பற்றி யார் பேசப்போகிறார்கள்!

இப்போது பல கொட்டகைகளின் முகட்டில் காற்றில் தாமே சுழலும் வெள்ளிநிறக் குடங்களைக் காணலாம். ஆனால் தூசிக்கு அஞ்சிக் கீழ்ச்சன்னல்களைப் பலகையால் அடைத்துவிட்ட இடங்களும் உண்டு. அங்கே குடம் சுழல்கிறது, துளியும் விழுகிறது.